தமனி இரத்தமா, சிரை இரத்தமா? பிரித்தறிவது எப்படி

மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியின் மணிக்கட்டிலிருந்து எடுத்த இரத்தம் சிரிஞ்சில் கருஞ்சிவப்பாக நிற்கிறது. அது தமனியிலிருந்து வந்ததென்றால் அவருடைய நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். ஆக்சிஜனைக் கூட்ட வேண்டும், ஒருவேளை செயற்கைச் சுவாசமே தேவைப்படலாம். ஊசி சற்று விலகிப் பக்கத்துச் சிரைக்குள் போயிருந்தால், அதே கருஞ்சிவப்பு முற்றிலும் இயல்பான நிறம். இந்த இரண்டில் எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டியவர் பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரோ, பயிற்சி மருத்துவரோ, ஆய்வக நுட்புநரோதான். இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்காக எழுதப்பட்டது. உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கும், வெட்டுக்காயத்திலிருந்து பெருகும் இரத்தத்தைக் கண்டால் என்ன செய்வதென்று அறிய விரும்புவோருக்கும் இதில் பயன் உண்டு.

தொடங்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தை ஒரு சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். அழுத்தம், வாயுக்களின் அளவு, நோயாளியின் நிலை ஆகிய மற்ற மூன்று சாட்சிகளையும் விசாரித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய் தமனி. இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய் சிரை. இந்த இரண்டு பெயர்களும் திசையைக் குறிக்கின்றனவே அன்றி, உள்ளே ஓடும் இரத்தத்தின் தன்மையைக் குறிப்பதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தமனியை ‘நாடி’ என்றும் சிரையை ‘நாளம்’ என்றும் எழுதுவார்கள். இரு வழக்குகளையும் மாறி மாறிப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலோ ‘ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை’ என்ற பேச்சு நாள்தோறும் காதில் விழும். அங்கே நரம்பு என்று சொல்லப்படுவது சிரை. நோயாளியிடம் பேசும்போது அந்தச் சொல்லை நாமும் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் குறிப்பேட்டில் எழுதும்போது சிரை என்றே எழுத வேண்டும், ஏனென்றால் உணர்வைக் கடத்தும் உண்மையான நரம்பு தமனிக்கு மிக அருகிலேயே ஓடுகிறது, அதில் ஊசி பட்டால் நேரும் துன்பம் வேறு.

‘சுத்த இரத்தம்’, ‘அசுத்த இரத்தம்’ என்ற பழைய பிரிவை இங்கேயே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பல தலைமுறை மாணவர்கள் இப்படிப் படித்திருக்கிறார்கள். அதனால் சிரை இரத்தம் என்றாலே கழிவுநீரைப் போன்ற ஒன்று என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. இரத்த தானத்தின்போது நம் முழங்கை மடிப்பிலிருந்து எடுப்பது சிரை இரத்தம்தான். மற்றொருவரின் உயிரைக் காப்பதும் அதுவே. ‘ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்’, ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று சொன்னால் போதும்.

திசையை வைத்துப் பெயரிடுவதால் இரண்டு இடங்களில் வழக்கமான பொருத்தம் தலைகீழாகிறது. நுரையீரல் தமனி, இதயத்தின் வலது கீழறையிலிருந்து ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுசெல்கிறது. நான்கு நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவருகின்றன. கருவில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலின் வேலையை நஞ்சுக்கொடி செய்வதால், தொப்புள்கொடியில் இருக்கும் ஒரே சிரை ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவர, இரண்டு தமனிகள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்கின்றன. இந்த வழிகாட்டியில் வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் தமனி இரத்தம் என்பது கை, கால், கழுத்து போன்ற உடற்பகுதிகளுக்குச் செல்லும் இரத்தத்தையும், சிரை இரத்தம் என்பது அங்கிருந்து திரும்பும் இரத்தத்தையும் குறிக்கும்.

நுண்குழாயில் என்ன மாறுகிறது என்பதைக் கணக்காகப் பாருங்கள்

தமனியில் இருப்பதும் சிரையில் இருப்பதும் ஒரே இரத்தம்தான். இடையில் அது தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய நுண்குழாய்களைக் கடக்கிறது. இந்த இணைப்பை, 1628-இல் இரத்தச் சுற்றோட்டம் பற்றிய தன் நூலை வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி கண்ணால் கண்டதில்லை. இரத்தம் சுற்றி வருகிறது என்றால் அப்படியொரு வழி இருந்தே தீர வேண்டும் என்று வாதத்தால் நிறுவினார். தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை நுண்ணோக்கியால் பார்த்து 1661-இல் எழுதியவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி.

அந்தக் குழாய்களில் நடப்பதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு மனத்தில் நன்றாகப் பதியும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுமையாக நிறைந்தால் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவருக்குத் தமனியில் நிறைவு, அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பிய பங்கு, 97 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், 15-ஐ 1.34-ஆலும் 0.97-ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 19.5 மில்லிலிட்டர் வரும். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் சிறு பங்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 20. உடல் முழுவதிலிருந்தும் திரும்பி வந்து கலந்த சிரை இரத்தத்தில் நிறைவு 75 விழுக்காடு. அதே பெருக்கலில் ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கிடைக்கிறது. ஆக, ஓய்வில் இருக்கும் உடல் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலிருந்தும் 5 மில்லிலிட்டர் ஆக்சிஜனை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இதயம் நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துவதால் மொத்தச் செலவு நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர். திரும்பி வரும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு ஆக்சிஜன் இன்னும் மீதமிருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வியப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போதும் காய்ச்சலின்போதும் உடலைத் தாங்குவது இந்த இருப்புதான்.

கார்பன் டை ஆக்சைடின் கணக்கு வேறு விதமானது. தமனி இரத்தம் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 48 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கிறது. சிரை இரத்தம் ஏறத்தாழ 52. அதாவது ‘தூய்மையானது’ என்று கருதப்படும் தமனி இரத்தத்திலேயே ஆக்சிஜனைப் போல இரு மடங்குக்கும் மேலாகக் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதன் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறி, இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைக் காக்கும் வேலையைச் செய்வதால், அதை வெறும் கழிவு என்று ஒதுக்க முடியாது.

வார்டில் நாம் பார்ப்பது இந்தக் கொள்ளளவுகளை அல்ல, அழுத்தங்களை. தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம்; கலந்த சிரை இரத்தத்தில் ஏறத்தாழ 40. கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் தமனியில் 35 முதல் 45. சிரையில் அதைவிட ஏறத்தாழ 5 மி.மீ. கூடுதல். அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். தமனியில் 7.35 முதல் 7.45, சிரையில் அதைவிட 0.03 அளவுக்குக் குறைவு. ஆக்சிஜனில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி இருக்கும்போது பி.எச். ஏன் இவ்வளவு சிறிதாக மாறுகிறது என்று கேட்பது நல்ல கேள்வி. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் அமிலத்தன்மையை உறிஞ்சிக்கொள்ளும் திறன் கூடியதாகிறது. அதனால் திசுவில் சேரும் கார்பன் டை ஆக்சைடைப் பெரிய அதிர்வு இல்லாமல் ஏற்றுக்கொள்ள முடிகிறது. அப்போது சிவப்பணுவுக்குள் உருவாகும் பைகார்பனேட் வெளியேற, ஈடாகக் குளோரைடு உள்ளே வருகிறது. உடன் சிறிது நீரும் வருவதால் சிரையில் ஓடும் சிவப்பணு தமனியில் ஓடும் சிவப்பணுவைவிடச் சற்றே பருத்திருக்கிறது.

நிறத்தைப் பார்க்கும் முறை

தமனி இரத்தம் செம்பருத்திப் பூவைப் போன்ற ஒளிரும் சிவப்பு. சிரை இரத்தம் நாவற்பழச் சாயல் கலந்த கருஞ்சிவப்பு. எந்த நிலையிலும் அது நீலமாக இருப்பதில்லை. தோலின் வழியே சிரைகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் ஒளி தோலில் சிதறும் விதம்: சிவப்பு ஒளி ஆழமாக ஊடுருவிச் சென்று சிரையிலுள்ள இரத்தத்தால் உறிஞ்சப்படுகிறது, நீல ஒளியோ அவ்வளவு ஆழம் போகாமலேயே மேற்பரப்பிலிருந்து திரும்பிவிடுகிறது, ஆகவே சுற்றியுள்ள தோலோடு ஒப்பிடும்போது அந்தக் கோடு நீலமாகக் கண்ணுக்குப் படுகிறது.

சிரிஞ்சை வெள்ளைத் தாளுக்கோ பஞ்சுக்கோ எதிரே, வெள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா இரத்தமும் கருத்துத் தெரியும். எடுத்தவுடனே பார்க்க வேண்டும். காற்றுப்பட்ட இரத்தம் தானாகவே சிவந்துவிடும். இந்த உண்மையையே பயன்படுத்தி, கருத்த சிரை இரத்தம் நுரையீரலில் காற்றைச் சந்திப்பதால்தான் ஒளிர்சிவப்பாகிறது என்பதை 1669-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லோயர் காட்டினார். ஆக்சிஜன் என்றொரு வாயு இருப்பதே அப்போது எவருக்கும் தெரியாது.

நிறம் ஏமாற்றும் இடங்கள் பல. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கப்பல் மருத்துவரின் அனுபவம். ஜெர்மானியரான ஜூலியஸ் ராபர்ட் மாயர் 1840-இல் ஒரு டச்சுக் கப்பலில் ஜாவாத் தீவுக்குச் சென்றார். அக்கால வழக்கப்படி நோயுற்ற மாலுமிகளின் கைச் சிரையைக் கீறி இரத்தம் வடித்தபோது, வந்த இரத்தம் அவர் ஐரோப்பாவில் கண்டதைவிட மிகச் சிவப்பாக இருந்தது. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்றே அவர் முதலில் அஞ்சினார். வெப்பநாட்டில் உடற்சூட்டைக் காக்க எரிக்க வேண்டியது குறைவு, ஆகவே ஆக்சிஜன் குறைவாகச் செலவாகிறது என்று அவர் எண்ணினார். அந்தச் சிந்தனை வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்ற கருத்தில் கொண்டுபோய் விட, 1842-இல் ஆற்றல் அழியாமை பற்றிய தன் கட்டுரையை அவர் வெளியிட்டார். சூட்டில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெருகுவதால், போகிற போக்கில் திசு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் பங்கு குறைந்து, கையின் சிரை இரத்தம் சிவந்தே திரும்புகிறது என்பது இன்று நாம் அறிந்த விளக்கம். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்து எடுத்த சிரை இரத்தம் தமனி இரத்தத்தை நெருங்கிவிடும். சில ஆய்வுகளில் தமனியைக் குத்தாமல் தப்பிக்க இந்த வழியை வேண்டுமென்றே கையாள்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நடந்து வந்தவரின் முழங்கையிலிருந்து எடுத்த இரத்தம் சற்றுச் சிவந்திருந்தால் திகைக்க வேண்டாம்.

வேறு சில ஏமாற்றங்கள் ஆபத்தானவை. மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ எரிந்து கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்தவரின் இரத்தம் சிரையில்கூடச் செக்கச்செவேலென்று இருக்கும். அவருடைய திசுக்களோ ஆக்சிஜனுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். சயனைடு நஞ்சில் திசுக்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்தவே முடியாததால் சிரை இரத்தம் சிவப்பாகத் திரும்புகிறது. இதற்கு மாறாக, பயிர்களில் பூ பிடிப்பதற்காகத் தெளிக்கப்படும் நைட்ரோபென்சீனை விழுங்கியவர்களிடமும், தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களிடமும் ஹீமோகுளோபின் உருமாறி, தமனி இரத்தமே சாக்லேட் பழுப்பாகிவிடும். காற்றில் அசைத்தாலும் அது சிவக்காது. அசைத்தும் சிவக்காத பழுப்பு இரத்தத்தைக் கண்டால் அதை மருத்துவரிடம் அந்த நொடியே சொல்லுங்கள்.

அழுத்தத்தைக் கேளுங்கள்

நிறத்தைவிட நம்பத்தக்க சாட்சி அழுத்தம். தமனியில் இதயத் துடிப்புக்கேற்ப 120-க்கும் 80-க்கும் இடையே ஏறி இறங்கும் அழுத்தம், நுண்குழாய்களைக் கடந்து இதயத்தின் வலது மேலறையை அடையும்போது சில மி.மீ. அளவுக்கே எஞ்சுகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது இரத்தம் 8 அடிக்கு மேல் எழும்பி, துடிப்போடு ஏறி இறங்கியது. அந்தச் சோதனையை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதரில் சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 93 மி.மீ. பாதரசம் என்று கொண்டால், அது ஒரு மீட்டரைவிட உயரமான இரத்தத் தூணைத் தாங்கும். மார்புக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையின் அழுத்தமோ சில சென்டிமீட்டரை மட்டுமே தாங்கும். கழுத்துச் சிரையில் குழாய் செருகும்போது, சிறு மெல்லிய குழாயை இணைத்து நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்திற்கு அடிப்படை இதுதான்: இரத்தம் சற்று ஏறி நின்று மூச்சுக்கேற்ப இறங்கினால் சிரை, துடித்துக்கொண்டே மேலேறி வழிந்தால் தமனி. அழுத்தம் காட்டும் கருவி இருந்தால் அதில் அலை வடிவத்தைப் பார்ப்பது இன்னும் உறுதியானது.

இந்த அழுத்த வேறுபாடே குழாய்ச் சுவர்களின் வேறுபாட்டுக்கும் காரணம். தமனியின் சுவர் தடித்தது, மீள்தன்மை கொண்டது. சிரையின் சுவர் மெல்லியது, எளிதில் விரிவது, கை கால்களில் வால்வுகள் உடையது. உடலின் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடு எந்நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. தமனிகளில் இருப்பது ஏறத்தாழ 13 விழுக்காடு.

காயத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். தமனி அறுபட்டால் ஒளிர்சிவப்பு இரத்தம் நாடித் துடிப்போடு பீறிட்டு விட்டுவிட்டுப் பாயும். சிரை அறுபட்டால் கருஞ்சிவப்பு இரத்தம் ஒரே சீராக வழியும். ஆனால் இதைத் தீர்மானித்துவிட்டுத்தான் செயலில் இறங்க வேண்டும் என்று காத்திராதீர்கள். ஆழமான காயத்தில் தமனியின் வாய் தசைக்குள் ஒளிந்திருந்தால் பீறிடல் தெரியாது. இரத்தம் பெருமளவு போய் அழுத்தம் வீழ்ந்தவரிடமும் பீறிடல் இருக்காது. எந்தக் குழாயாக இருந்தாலும் முதல் செயல் ஒன்றே: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் நேராக வைத்து, இரு கைகளாலும் பலமாக அழுத்தி, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கை காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்திற்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மெல்லிய கயிற்றால் கட்டக் கூடாது.

சிரைதானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. நிற்கும் ஒருவரின் பாதச் சிரையில், இதயம் வரை நிற்கும் இரத்தத் தூணின் எடையால், அழுத்தம் 90 மி.மீ. வரை போகும். காலில் சுருண்டு புடைத்த சிரை உடைந்தால் அதிலிருந்து கொட்டும் இரத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். அவரைப் படுக்க வைத்து, காலை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்தி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் விரைவில் கட்டுப்படும். உட்கார வைத்துக்கொண்டே கட்டுப்போட முயல்வதுதான் நான் அடிக்கடி கண்ட பிழை.

தமனி மாதிரி எடுக்கும்போது

தமனியிலிருந்து மாதிரி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள், அதற்கு அனுமதி உள்ள இடங்களில் மட்டுமே செய்ய வேண்டிய பணி. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்திலுள்ள ரேடியல் தமனியே முதல் தேர்வு, ஏனென்றால் அது மேலாக ஓடுகிறது, அழுத்திப் பிடிக்க அடியில் எலும்பு இருக்கிறது, கைக்கு மறுபக்கத்திலிருந்து அல்னார் தமனி வழியாக இரத்தம் கிடைக்கிறது. அந்த மாற்று வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க, கையை இறுக மூடச் சொல்லி, இரு தமனிகளையும் அழுத்தி, கையைத் திறந்து வெளிறியதைக் கண்டபின், அல்னார் பக்கத்தை மட்டும் விடுங்கள். ஏறத்தாழ 10 நொடிகளுக்குள் உள்ளங்கை சிவக்க வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் இட்ட சிரிஞ்சை, 30 முதல் 45 பாகை சாய்வில், நாடியைத் தொட்டுக்கொண்டே மெதுவாகச் செலுத்துங்கள். தமனிக்குள் நுழைந்தால் இரத்தம் தன் அழுத்தத்தாலேயே துடித்துத் துடித்துச் சிரிஞ்சின் தண்டை மேலே தள்ளும். நீங்கள் இழுக்க வேண்டியிருக்காது. தண்டை இழுத்து இழுத்து இரத்தம் வந்தால், அங்கேயே ஐயப்படத் தொடங்குங்கள், ஆனால் இரத்த அழுத்தம் மிகவும் குறைந்த நோயாளியிடம் தமனியிலும் இப்படித்தான் வரும் என்பதையும் மறவாதீர்கள். தொடையிடுக்கில் எடுப்பதாக இருந்தால் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி நரம்பு, தமனி, சிரை என்ற வரிசையில் அவை கிடக்கின்றன. ஊசி சிறிது உட்புறம் சாய்ந்தாலே சிரைக்குள் போய்விடும். அங்கிருந்து எடுத்த மாதிரிகளை நான் எப்போதும் கூடுதல் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

எடுத்தவுடன் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி மூடியிட்டு, பெயரும் நேரமும் நோயாளி பெறும் ஆக்சிஜனின் அளவும் எழுதி, அரை மணி நேரத்திற்குள் கருவிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். குமிழ் தங்கினால் சிரை இரத்தம்கூடத் தமனி இரத்தம்போலத் தோன்றத் தொடங்கும். தாமதித்தால் இரத்த அணுக்கள் சிரிஞ்சுக்குள்ளேயே ஆக்சிஜனைச் செலவழித்து, தமனி இரத்தத்தைச் சிரை இரத்தம்போல் ஆக்கிவிடும். குத்திய இடத்தை 5 நிமிடமாவது கடிகாரத்தைப் பார்த்து அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. சிரையில் குத்திவிட்டுப் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொல்லும் பழக்கம் தமனிக்கு உதவாது.

எண்களைப் படிக்கும் வரிசை

அறிக்கை கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் விரலை. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி அறிமுகப்படுத்திய முறையில் இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் வழியே செலுத்தி, வெளிவரும் ஒளியில் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கிறது. துடிப்பது தமனி, துடிக்காமல் இருப்பவை சிரை, தோல், எலும்பு. தமனியையும் சிரையையும் பிரித்தறியும் வேலையை ஊசியின்றி அந்தச் சிறு கருவி நொடிதோறும் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே அதன் எண்ணும் அறிக்கையிலுள்ள ஆக்சிஜன் நிறைவும் ஒத்துப்போகின்றனவா என்பதே முதற் கேள்வி.

அறிக்கையில் ஆக்சிஜன் அழுத்தம் 38, நிறைவு 71 விழுக்காடு. விரலில் 97, நோயாளி அமைதியாகப் பேசுகிறார் என்றால் மாதிரி சிரையிலிருந்து வந்தது. அறிக்கையில் அழுத்தம் 52, நிறைவு 86. விரலில் 87, உதடுகள் நீலம் பாய்ந்திருக்கின்றன என்றால் மாதிரி தமனியுடையதே, நோய்தான் கடுமையானது. இரண்டாவது நிலையில் ‘ஊசி தவறியிருக்கும், மறுபடி எடுப்போம்’ என்று பொழுதைக் கடத்துவது முதல் நிலையில் அவசரப்படுவதைவிடப் பெரிய பிழை. விரல்கள் சில்லிட்டுக் கருவி தடுமாறினால், அல்லது கார்பன் மோனாக்சைடு, உருமாறிய ஹீமோகுளோபின் போன்ற ஐயங்கள் இருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. கார்பன் மோனாக்சைடு நஞ்சில் விரல் கருவி பொய்யான நல்ல எண்ணைக் காட்டும்.

நான் பயிற்சியில் இருந்த நாள்களில், ஒரு முதியவரின் தொடையிடுக்கிலிருந்து எடுத்த மாதிரியில் ஆக்சிஜன் அழுத்தம் 36 என்று வந்த தாளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். வென்டிலேட்டர் கட்டிலருகே உருட்டி வரப்பட்டது. வார்டின் மூத்த அக்கா வந்து அவருடைய முகத்தைப் பார்த்தார், விரலில் 96 என்று இருப்பதைப் பார்த்தார், ‘ஐயா, சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டார். அவர் முழு வாக்கியத்தில் விடை சொன்னார். ‘இந்த எண் தமனியுடையது இல்லை, திரும்ப எடு’ என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்தார். மணிக்கட்டிலிருந்து எடுத்த இரண்டாவது மாதிரியில் 84 இருந்தது. எண்ணைவிட முன்னதாக மனிதரைப் பார்க்கும் பழக்கத்தை அன்று கற்றேன்.

சிரை மாதிரி என்று தெரிந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆக்சிஜன் அழுத்தத்தை மட்டும் மறந்துவிட்டு, பி.எச்.-ஐயும் பைகார்பனேட்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நீரிழிவில் ஏற்படும் கீட்டோன் அமில மிகுதியைப் பின்தொடர இதுவே போதும், ஒவ்வொரு முறையும் தமனியைக் குத்தி நோயாளியை வதைக்க வேண்டியதில்லை. சிரையிலேயே கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 45-க்குள் இருந்தால், தமனியில் அது கூடியிருக்க வாய்ப்பில்லை என்றும் கொள்ளலாம். இரத்த ஓட்டம் குலைந்துபோகும் அதிர்ச்சி நிலையில் (shock) மட்டும் எச்சரிக்கை தேவை: ஓட்டம் மந்தமாகும்போது திசுவில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, தமனிக்கும் சிரைக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகிவிடும்.

மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரிவோர் மேலே சொன்ன எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். தொப்புள்கொடியின் தமனி மாதிரியே குழந்தையின் நிலையைக் காட்டுவது; அதன் பி.எச். இயல்பாக ஏறத்தாழ 7.27, சிரையில் ஏறத்தாழ 7.35. இரண்டு மாதிரிகளில் பி.எச். குறைந்தும் கார்பன் டை ஆக்சைடு கூடியும் இருப்பது தமனி. இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால், அகலமான சிரையிலிருந்தே இரண்டு முறையும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாயுக்கள் தவிர வேறு சில

எந்தச் சிரை என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் உறுப்பும் தன் வழியே போகும் இரத்தத்தில் தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. இதயத் தசை தனக்கு வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், அதன் சிரை இரத்தத்தில் நிறைவு ஏறத்தாழ 30 விழுக்காடுதான். சிறுநீரகமோ தன் தேவைக்கு மிஞ்சிய இரத்தத்தை வடிகட்டுவதற்காகப் பெறுவதால் அதன் சிரையில் சிவப்பு அவ்வளவாக மங்குவதில்லை, யூரியா மட்டும் குறைந்திருக்கும். உணவுக்குப் பின் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் சர்க்கரை, தமனியில் இருப்பதைவிட மிகுந்திருக்கும்.

கையின் சிரையில் இதற்கு எதிர்மாறு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் நுண்குழாய் இரத்தம் தமனி இரத்தத்தை ஒத்தது. முழங்கையில் எடுப்பது தசை சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு வருவது. வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, சாப்பிட்ட பிறகு விரல் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பது இயல்பு. வீட்டுக் கருவியும் ஆய்வகமும் வெவ்வேறு எண் சொல்கின்றன என்று கவலையோடு வருபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். சிரையிலிருந்து எடுக்கும்போது கட்டுப்பட்டையை நெடுநேரம் இறுக்கி, கையை மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியமும் லாக்டேட்டும் பொய்யாக உயரும் என்பதையும் உடன் நினைவில் கொள்ளுங்கள்.

மாதிரி எதுவாக இருந்தாலும், ஐயம் தீராத நிலையில் அதை மறைக்காமல் விண்ணப்பத் தாளிலேயே ‘சிரையாக இருக்கலாம், தொடையிடுக்கு, வலது, எடுக்கும்போது விரலில் 94’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அறிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி கிடைத்தால், மறுமுறை குத்த வேண்டுமா என்பதை அவர் அங்கேயே தீர்மானித்துவிடுவார்.